பட்டியலில் எங்கள் கருவியின் எண் இருக்கிறது, கெடுவுக்கு 25 மணி நேரம் இருக்கிறது: அதுவரை பறக்கலாமா?

கலெக்டிவ்:
வணக்கம் எல்லோருக்கும். ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர் ஒன்றின் பராமரிப்புத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. எஞ்சினின் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயம் மாற்றச் சொல்லி வான்தகுதி ஆணை, ஏ.டி. என்கிறோமே அது, வந்திருக்கிறது. எல்லாக் கருவிக்கும் இல்லை, ஒரு பார்ட் நம்பரில் சில சீரியல் நம்பர்களுக்கு மட்டும். பராமரிப்புப் பதிவேடான லாக்புக்படி பார்த்தால் எங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆணை அமலுக்கு வந்ததிலிருந்து 25 பறக்கும் மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றுக் கருவி வந்து பெட்டியோடு ஸ்டோரில் இருக்கிறது, ஆனால் கையில் பறப்பு வேலை நிறைய. மேலே இருப்பவர் சொல்வது இதுதான்: "சட்டமே 25 மணி நேரம் கொடுத்திருக்கிறது, 24 மணி நேரம் ஓட்டிவிட்டு மாற்று."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எதை வைத்து மறுத்துப் பேசுவது என்றும் தெரியவில்லை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, திறனை அளக்கும் பவர் செக் சரியாக வருகிறது, எங்கேயும் கசிவு இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாக்வயர்:
தம்பி, மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 25 மணி நேரக் கணக்கு. உங்கள் கருவி 25 மணி நேரம் தாங்கும் என்று யாரும் சோதித்துச் சொன்ன எண் இல்லை அது. எத்தனை கருவிகள் பறந்துகொண்டிருக்கின்றன, எத்தனை பழுதாகின, பழுதானால் என்ன ஆகும், மாற்றுக் கருவி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், இதையெல்லாம் போட்டுப் பார்த்து மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து வைத்த எல்லை. மாற்றுக் கருவி இன்னும் கைக்கு வராமல் தவிக்கிறவர்களுக்காகவும்தான் அந்த அவகாசம். உங்களுக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் அவகாசம் யாருக்காகக் கொடுத்தார்களோ அந்த ஆள் நீங்கள் இல்லை.

அடுத்து, "நன்றாக ஓடுகிறது" என்பது. கருவிக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்த வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆரியல் 2பி மாதிரி. கம்ப்யூட்டர் எரிபொருளைத் தொடுவதே இல்லை. ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும், அது அளவூசியை நகர்த்தும், திறப்பு பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். திறப்பின் அளவை வைத்து எரிபொருளின் அளவைச் சொல்ல வேண்டுமானால், ஊசிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் டெல்டா-பி வால்வு. பம்ப் தேவைக்கு மேல் தள்ளுகிற எரிபொருளைத் திருப்பி பம்ப் வாய்க்கே அனுப்பி அந்த வித்தியாசத்தை நிலையாக வைத்திருப்பது அதன் வேலை. அந்த வால்வைத் தாங்குவது ஒரு டயாஃப்ரம். துணி வைத்த ரப்பர் தகடு, அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் அது மேலும் கீழும் நெளிந்துகொண்டே இருக்கும்.

அது தேய்ந்து கிழிகிற வரை எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். பவர் செக் சரியாகத்தான் வரும். கிழிந்ததும் எரிபொருள் கம்ப்யூட்டர் போட்ட கணக்கோடு ஒட்டாது, தானியங்கிக் கட்டுப்பாடு போய்விடும். ஆரியல் 2பி-க்கு இதே டயாஃப்ரம் தேய்மானத்துக்காக வான்தகுதி ஆணை வந்தது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதில் பயந்ததே இதுதான்: தானியங்கிக் கட்டுப்பாடு போகிற அதே நேரத்தில் மாற்றுக் கட்டுப்பாடும் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஒற்றை எஞ்சின் என்றால் ஆட்டோரொட்டேஷனில், அதாவது எஞ்சின் பலம் இல்லாமல் காற்றே ரோட்டரைச் சுழற்ற, இறங்க வேண்டி வரலாம்.

புதுக்கற்பவன்:
ஐயா, ஒரு சந்தேகம். நான் இன்னும் பயிற்சியில் இருக்கிறேன். கருவியைக் கழற்றித் திறந்து டயாஃப்ரத்தைப் பார்த்து, நன்றாக இருந்தால் திரும்ப மாட்டக் கூடாதா? முழுக் கருவியையும் ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

லாக்வயர்:
ஹேங்கரில் அதைத் திறக்க நமக்கு அனுமதி கிடையாது தம்பி. திறந்தால் மறுபடி எரிபொருள் ஓட்டச் சோதனை மேடையில் வைத்து அளவு பிடிக்க வேண்டும், அந்த மேடை கருவியைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் பட்டறையில்தான் இருக்கும். அப்புறம் இன்னொன்று, டயாஃப்ரத்தின் துணி நைந்திருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாமலும் போகலாம். வெளியே நின்று சோதித்துக் கண்டுபிடிக்க முடியாத பழுது என்றால் மாற்றுவதுதான் வழி. கண்ணால் பார்த்தோ அளந்தோ கண்டுபிடிக்க முடிகிற பழுதுக்கு "இத்தனை மணிக்கு ஒரு தடவை பரிசோதி" என்றுதான் ஆணை வரும். ஆணையில் "மாற்று" என்று எழுதியிருக்கும்போதே, பரிசோதித்துத் தப்பிக்க முடியாது என்பது அதற்குள் இருக்கிறது.

தாழப்பறப்பவன்:
பைலட் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கலெக்டிவ், இதை உங்கள் மேலதிகாரியிடம் அப்படியே காட்டுங்கள்.

எனக்கு நடந்தது ஒரு 250 வரிசை எஞ்சினில். அதில் கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்ரெசரிலிருந்து வருகிற காற்றழுத்தத்தை வைத்துத்தான் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்யும். அந்தக் காற்றைக் கொண்டுவருகிற மெல்லிய குழாயில் கசிவு வந்தால், கம்ப்ரெசர் அழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கருவி எரிபொருளைக் குறைத்துவிடும். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்குக் கிடைத்த தகவல்தான் பொய்.

800 அடி உயரம், நேர்ப் பறப்பு. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, சிவப்பு விளக்கு எதுவும் முதலில் எரியவில்லை. எஞ்சினின் சுருதி இறங்குவது காதில் கேட்டது, மூக்கு இடது பக்கம் திரும்பியது. கம்ப்ரெசர் சுழலும் வேகத்தைக் காட்டும் என்1 முள் தொண்ணூறுகளிலிருந்து இறங்கி 60 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றுவிட்டது. எஞ்சின் அணையவில்லை, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் ரோட்டர் வேகம் குறைந்து ஹார்ன் அலறத் தொடங்கிவிட்டது. கலெக்டிவை, அதாவது ரோட்டர் இறக்கைகளின் சாய்வை மொத்தமாக மாற்றும் லீவரை, இறக்கினேன். அந்த மாதிரி ஹெலிகாப்டர் ஆட்டோரொட்டேஷனில் நிமிடத்துக்கு 1,500 அடிக்கு மேல் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு அரை நிமிடம்தான். கீழே அறுவடை முடிந்த வயல் இருந்தது, இறங்கினேன், ஸ்கிட் கொஞ்சம் வளைந்தது, யாருக்கும் காயம் இல்லை. அதே இடத்தில் கீழே மரங்களோ மின்கம்பிகளோ இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

பிறகு மெக்கானிக் எஞ்சினை ஐடிலில் வைத்து, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் குழாயின் இணைப்புகளில் தடவினார். ஒரு நட்டின் கழுத்தில் சின்னச் சின்னக் குமிழி கட்டியது. நட்டின் மேல் போட்டிருந்த வண்ணக் கோடு துளிகூட நகரவில்லை, அதாவது நட்டு தளரவில்லை. உள்ளே குழாயின் விரிந்த வாயில் மயிரிழை விரிசல். அன்று காலை பறப்புக்கு முந்தைய சோதனையில் நான் அந்த நட்டைத் தொட்டுப் பார்த்திருந்தேன்.

உங்கள் விஷயம் குழாய் இல்லை, கருவி என்பது தெரியும். பைலட்டின் இருக்கையில் இரண்டும் ஒன்றுதான். நன்றாக இருந்தது, திடீரென்று இல்லை. 24 மணி நேரம் ஓட்டு என்று சொல்கிறவர் அந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் உள்ளே உட்காரப் போகிறார் என்று கேளுங்கள்.

பழையகை:
எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நன்றாக ஓடுகிற எஞ்சினில் கை வைப்பதே ஒரு ஆபத்து. இத்தனை வருடத்தில் நான் பார்த்த எரிபொருள் கசிவுகளில் பாதிக்கு மேல் யாரோ எதையோ கழற்றி மாட்டிய அடுத்த சில பறப்புகளில் வந்தவை. பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டுவிடுவது, நட்டு தளராமல் பிடிக்கும் லாக் வயரைத் தப்பான திசையில் திருப்பிக் கட்டுவது, லீவரின் அசைவளவைச் சரிசெய்கிற ரிக்கிங்கைப் பார்க்காமல் விடுவது. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அவசரமாக மாற்றி, விடிந்ததும் பறக்க வைத்தால், ஆணை தடுக்க நினைத்ததை நாமே செய்து முடித்துவிடுவோம். பட்டறையிலிருந்து வந்த கருவி என்பதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது, ஓவர்ஹால் ஆகி வந்து முதல் 10 மணி நேரத்திலேயே திருப்பி அனுப்பியவையும் உண்டு.

மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. நிதானமாக, பகலில், சரியான ஆளை வைத்து மாற்றுங்கள். அதற்கு நாலு நாள் ஆகும் என்றால் ஆகட்டும், அதற்குள் கொஞ்சம் பறந்தால் குடி முழுகிவிடாது.

லாக்வயர்:
நீங்கள் சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். மாற்றும் வேலையே பழுதைக் கொண்டுவரலாம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு நாள் தேவைப்பட்டால் அந்த நாலு நாளும் ஹெலிகாப்டர் ஹேங்கரில் நிற்கட்டும். கடைசி வாக்கியத்தில் மட்டும்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நிதானத்துக்கு நேரம் வேண்டும் என்பது பறப்பதற்கான காரணம் ஆகாது.

இன்னொன்று. கடைசி மணி வரை இழுத்தால்தான் ராத்திரி டார்ச் வெளிச்சம் வருகிறது. கெடுவை முட்டிக்கொண்டு நிற்கும்போது வேலை செய்கிறவன் மேல் விழுகிற அவசரம், இன்றைக்கே தொடங்கினால் இருக்காது.

ஆரியல் 2 வரிசையிலேயே வேறொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், நான் கையால் பார்த்தது. எரிபொருள் பம்பைச் சுழற்றுகிற தண்டில் பல் பல்லாக ஸ்ப்ளைன் இருக்கும், கியர்பாக்ஸ் பக்கத்துப் பற்களோடு கோர்த்துக்கொள்ளும். பம்பை இழுத்து எடுத்ததும் அந்தப் பற்களின் இடுக்கில் செங்கல் நிறத்தில் ஒரு பசை. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசி உரசி வந்த துரு அது. துடைத்துப் பார்த்தால் பற்கள் ஒரு பக்கம் கத்தி மாதிரி மெலிந்திருந்தன. அந்தப் பற்கள் வழுக்கிய அடுத்த நொடி பம்ப் நின்றுவிடும், எரிபொருள் இல்லை, எஞ்சின் அணைந்துவிடும். அதற்கு முந்தைய நாள் வரை அந்த எஞ்சினைப் பற்றிப் பைலட் ஒரு குறைகூட எழுதவில்லை. அந்தத் தேய்மானத்துக்கும் ஆணை இருந்தது, அதனால்தான் கழற்றியே பார்த்தோம். இல்லையென்றால் எங்கள் கை அங்கே போயிருக்காது.

பழையகை:
சரி, அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தி வைத்து மாற்றுவதுதான் முறை.

குறிப்பேடு:
நான் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி: கலெக்டிவ், கருவியின் மேல் இருக்கிற தகட்டை யாராவது கண்ணால் பார்த்தீர்களா? "லாக்புக்படி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

இதை ஏன் கேட்கிறேன் என்றால், முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு ஆணை வந்தது. லாக்புக்கில் இருந்த எண் பட்டியலில் இல்லை. "நமக்குப் பொருந்தாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டு மாதம் கழித்து வேறு வேலைக்காக எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறந்தபோது, ஒரு பெண் டெக்னீஷியன் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் தகட்டைப் படித்தார். வேறு எண். சில வருடங்களுக்கு முன் கருவி ஓவர்ஹாலுக்குப் போனபோது அவசரத்துக்கு ஒரு கடன் கருவியை மாட்டியிருக்கிறார்கள், பழையது திரும்பி வந்ததும் மாற்றிவிட்டோம் என்று காகிதத்தில் இருக்கிறது, ஆனால் ஹெலிகாப்டரில் மாற்றவில்லை. மாட்டியிருந்த எண் பட்டியலில் இருந்தது. இரண்டு மாதம் அதோடு பறந்திருக்கிறது. அந்த லாக்புக் பக்கத்தை நான்தான் சரிபார்த்தேன், இன்றைக்கும் எனக்கு அது மறக்கவில்லை.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். தகட்டைப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டப் போகிற கருவியின் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள், புதிதாக வந்தது என்பதால் பட்டியலில் இருக்காது என்று அர்த்தமில்லை, பட்டறையிலும் பழைய இருப்பு இருக்கும். அப்புறம் ஸ்டோர் அலமாரியில் இருக்கிற உதிரிகளையும் பாருங்கள். இந்த மாதிரி ஆணைகளில் பெரும்பாலும் கடைசியில் ஒரு பத்தி இருக்கும், பாதிக்கப்பட்ட கருவியை இனி எந்த எஞ்சினிலும் மாட்டக் கூடாது என்று. எல்லோரும் மேலே இருக்கிற கெடுவைப் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள், இந்தப் பத்தியைப் படிக்க மாட்டார்கள்.

டர்பைன்நேசன்:
கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தப் பாடா? எஞ்சினை முழுக்கக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் ஃபேடெக் வந்தால் எரிபொருள் பிரச்சினையே இருக்காது என்று நினைத்திருந்தேன். சினூக் விபத்தும் ஃபேடெக்கால்தானே?

லாக்வயர்:
அந்த விபத்தை அப்படிச் சொல்லிவிட முடியாது, கவனமாகப் பேச வேண்டிய விஷயம் அது. 1994 ஜூன் 2, ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டயரில் பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் மலையில் மோதி 29 பேரும் இறந்தார்கள். இறந்துபோன இரண்டு பைலட்டுகள் மீதும் மிகக் கடுமையான அலட்சியம் என்று பழி போட்டார்கள், குடும்பங்கள் பல வருடம் போராடி 2011-ல்தான் அந்தப் பழி நீக்கப்பட்டது. ஃபேடெக் மென்பொருளை நம்பாமல் பாஸ்கோம் டவுன் சோதனை மையம் அந்த வகை சினூக்கில் சோதனைப் பறப்பை நிறுத்தி வைத்திருந்தது உண்மை. அதற்கு முன் 1989-ல் அமெரிக்காவின் வில்மிங்டனில் தரைச் சோதனையின்போது அதே அமைப்பு வைத்த எஞ்சின் கட்டுக்கு மீறிய வேகத்தில் ஓடி ஹெலிகாப்டரைச் சேதப்படுத்தியதும் உண்மை. ஆனால் 1994 விபத்துக்கு ஃபேடெக்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இதில் நமக்கு வேண்டியது வில்மிங்டன் பகுதிதான். எரிபொருள் குறைவது மட்டும் ஆபத்து இல்லை, கூடுவதும் ஆபத்து. எரிபொருள் கட்டுமீறிப் போனால் ரோட்டர் வேகம் ஏறும், பைலட் கலெக்டிவைத் தூக்கி, த்ராட்டிலைக் குறைத்துப் பிடிக்க வேண்டும், ஆட்டோரொட்டேஷனில் பழகின கைக்கு நேர் எதிர். கம்ப்யூட்டர் நிறைய நல்லது செய்திருக்கிறது, சூடாகிப் போகிற ஸ்டார்ட்டுகளைக் குறைத்திருக்கிறது, அதில் வாதமே இல்லை. ஆனால் கடைசியில் எரிபொருளை விடுவது ஒரு வால்வும் ஒரு ஊசியும் ஒரு ரப்பர் தகடும்தான்.

விதிமுறை:
சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், மேலதிகாரியிடம் பேச உதவும்.

தயாரிப்பாளர் அனுப்புகிற சர்வீஸ் புல்லட்டின் வேறு, வான்தகுதி ஆணை வேறு. புல்லட்டினில் "கட்டாயம்" என்று தயாரிப்பாளரே அச்சடித்திருந்தாலும், அதைச் சட்டமாக்குவது ஆணைதான். ஆணைக்கும் புல்லட்டினுக்கும் முரண்பாடு வந்தால் ஆணை சொல்வதே செல்லும். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.-வின் விதி 39-ஆம் பாகத்தில் இது தெளிவாக இருக்கிறது. கெடு முடிந்த பிறகு பறந்தால் ஒவ்வொரு பறப்பும் தனித்தனி மீறல் என்பதும் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் அங்குள்ள ஆணையமான ஈ.ஏ.எஸ்.ஏ. ஆணையை வெளியிடும். எஞ்சினை வடிவமைத்த நாட்டின் ஆணையம் முதலில் வெளியிடும், ஹெலிகாப்டர் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் ஆணையம் அதை ஏற்று அமல்படுத்தும், அதனால் உங்கள் பதிவு நாட்டு ஆணையைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

வேறு வழியில் அதே பாதுகாப்பைக் காட்ட முடிந்தால் ஆணையத்திடம் மாற்று முறைக்கு அனுமதி கேட்கலாம். பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக மட்டும் ஒரு தடவை பறக்கச் சிறப்பு அனுமதியும் சில ஆணைகளில் உண்டு, சிலவற்றில் அதையும் மூடியிருப்பார்கள். எழுத்தில் வாங்காமல் எதையும் நம்பாதீர்கள்.

இரட்டை எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு எஞ்சினிலும் பட்டியலில் உள்ள கருவி இருந்தால், "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறதே" என்ற தைரியம் அங்கே செல்லாது, ஒரே குறை இரண்டிலும் இருக்கிறது. அதனால்தான் சில ஆணைகள் முதலில் ஒரு பக்கத்தையாவது உடனே மாற்றச் சொல்லும். ஒற்றை எஞ்சினுக்கும் இரட்டை எஞ்சினுக்கும் வேறு வேறு கெடு இருக்கலாம், பத்தியைச் சரியாகப் படியுங்கள்.

தாழப்பறப்பவன்:
பைலட்டுகளுக்கும் ஆணையைக் காட்டுங்கள். எங்களுக்குப் பல தடவை சொல்வதே இல்லை. காட்டினால் மாற்றும் வரை எந்தக் காட்டு வழியைத் தவிர்க்கலாம், எவ்வளவு உயரம் வைத்துக்கொள்ளலாம் என்றாவது யோசிப்போம். மறுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு.

கலெக்டிவ்:
நான்கு நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இழையை அச்செடுத்துக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் வைத்தேன். அவர் தாழப்பறப்பவன் எழுதியதை இரண்டு தடவை படித்தார். நான் லாக்வயர் சொன்னதை மட்டும் சொன்னேன், அவகாசம் கருவி கிடைக்காதவர்களுக்கு, நமக்குக் கிடைத்துவிட்டது என்று. எங்கள் பைலட்டையும் கூப்பிட்டு ஆணையைக் காட்டினோம், அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை, படித்து முடித்ததும் "மாற்றிவிட்டே போகலாம்" என்றார். அதற்குப் பிறகு 24 மணி நேரம் என்ற பேச்சு எழவில்லை. மூன்று நாள் வேலையைத் தள்ளி வைத்தோம், வாடிக்கையாளர்களுக்கு நானே போன் செய்து காரணத்தை மறைக்காமல் சொன்னேன்.

முதல் நாள் காலை கௌலிங்கைத் திறந்து, குறிப்பேடு சொன்னபடி தகட்டைப் பார்த்தோம். எண்ணெய் படிந்திருந்தது, துடைத்துக் கண்ணாடி வைத்துப் படித்தோம், லாக்புக்கில் இருந்த எண்ணேதான். மாட்டப் போகிற கருவியின் எண் பட்டியலில் இல்லை என்பதை நானும் இன்னொருவரும் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். பழையகை சொன்னதையும் விடவில்லை: பகலில் மட்டும் வேலை, எல்லா ஓ-ரிங்கும் புதிது, லாக் வயர் போட்டவர் வேறு, பார்த்தவர் வேறு. காற்றை வெளியேற்றி, எரிய விடாமல் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் மோட்டாரிங் செய்து, தரையில் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்த்தோம். கீழ்ப்பக்கத்து இணைப்பு ஒன்றில் லேசான ஈரம், நிறுத்தி, கழற்றி, ஓ-ரிங் ஒரு ஓரத்தில் கிள்ளுப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினோம். அவசரத்தில் செய்திருந்தால் அதைப் பழைய எரிபொருள் சிந்தியது என்று துடைத்துவிட்டுப் போயிருப்போம். மூன்றாம் நாள் பவர் செக், சோதனைப் பறப்பு, எல்லாம் சரி.

கழற்றிய கருவிக்குச் சிவப்புச் சீட்டு கட்டிப் பெட்டியில் போட்டாயிற்று, நாளை பட்டறைக்குப் போகிறது. அப்புறம் ஸ்டோர் அலமாரி. இரண்டு வருடமாகத் தொடாமல் இருந்த ஒரு உதிரிக் கருவி, பறக்கத் தகுதியானது என்ற பச்சைச் சீட்டோடு, தூசி படிந்து கடைசித் தட்டில் இருந்தது. எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். இருக்கிறது. பச்சைச் சீட்டை எடுத்துவிட்டு அதற்கும் சிவப்புக் கட்டியிருக்கிறேன், இரண்டும் ஒரே வண்டியில் போகும்.